ஒருக்களித்துப் படுத்த வண்டி

காரை ஒருக்களித்துப் படுக்கவைக்கிற அன்று பட்டறையில் வீண்பேச்சு கூடாது என்பது முட்டு மாஸ்டர் போட்ட விதி. அவருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. ஆடுகிற மேசையைக் கண்டால் காலுக்கு அடியில் ஒரு மரச்சக்கை செருகுவார். ஆடாத மேசையைக் கண்டால், இன்றைக்கு ஆடவில்லை, நாளைக்கு ஆடாதென்று யார் கண்டது என்று அதற்கும் ஒன்று செருகுவார். "எங்க மாமா பாயில படுத்தாலும் பாய்க்கு முட்டுக் குடுத்துட்டுத்தான் படுப்பாரு" என்று அவருடைய மச்சினன் தெரு முழுக்கச் சொல்லிவைத்தான். பெயர் ஒட்டிக்கொண்டது.

பட்டறையில் மூன்றே பேர். பழைய கார்களைத் தேற்றிக் கொடுப்பது வேலை. தகரம் வெட்டுவதும் ஒட்டு வைப்பதும் மாஸ்டர். பெயின்ட் அடிப்பது மச்சினன். அவனைச் சின்னவன் என்பார்கள். இருக்கை தைப்பதும் உள்கூரைக்குத் துணி போடுவதும் மாஸ்டரின் மனைவி. அவளைத் தெருவே தையலக்கா என்றுதான் கூப்பிடும். தாய் தகப்பன் இல்லாத சின்னவன், அக்கா கல்யாணமாகி வந்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டே இந்த வீட்டுக்குள் நுழைந்தவன். இப்போது மீசை வைத்த ஆள்.

"உங்கக்கா வரும்போது பெட்டி படுக்கைன்னு ஒண்ணும் கொண்டு வரல மாப்ள. உன்னத்தான் கொண்டு வந்தா. பெட்டியா இருந்தா பேசாம மூலையில கெடந்திருக்கும்" என்பார் மாஸ்டர்.

"பெட்டின்னா பூட்டு இருக்கும் மாமா. எனக்கு ஆண்டவன் பூட்டு வெக்கல."

இப்படியே பொழுது போகும். அக்காவுக்குத் தையல் மெஷின் சத்தத்தைவிட இந்தச் சத்தம்தான் பழக்கம்.

இந்தத் தடவை படுக்கப்போனது நர்சம்மாவின் கார். பிரசவம் பார்க்கிற நர்சம்மா. கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் அந்தக் குட்டிக் காரில்தான் போய்க்கொண்டிருந்தார். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடிவயிறு மட்டும் துருவேறி அப்பளமாக நொறுங்கியது. மற்ற பட்டறைகளில் இதற்குக் காரைத் தூக்கி நிறுத்தி, அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு வெல்டு வைப்பார்கள். பொறி கழுத்துக்குள் விழும், துரு கண்ணுக்குள் விழும். மாஸ்டருக்கோ சில காலமாகத் தோள்பட்டை மேலே தூக்க வரவில்லை. நாம் அதற்கு அடியில் போகமுடியாவிட்டால் அது நம்மைப் பார்த்துத் திரும்பட்டும் என்று ஒரு இரும்புக் கூடு செய்துவைத்திருந்தார்.

முதலில் எஞ்சினை இறக்கிவிடுவார்கள். பெட்ரோலை வடித்து, பேட்டரியைக் கழற்றி, பிரேக் ஆயிலைக்கூடத் துளி விடாமல் எடுத்துவிடுவார்கள். இடப்பக்கத்துச் சக்கரங்கள் இரண்டையும் கழற்றி, அதே நட்டுகளில் கூட்டின் கைகளை முடுக்குவார் மாஸ்டர். கைச்சங்கிலியை இழுக்க இழுக்க, வலப்பக்கத்தை உத்தரத்தில் மாட்டிய செயின் பிளாக் தூக்கும். கார் மெல்ல எழுந்து, சாய்ந்து, கடைசியில் கூட்டின் கால்களில் போய் உட்கார்ந்துவிடும். சுவர்போல நிற்கிற அடிவயிற்றின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து வேலை செய்யலாம்.

கேட்க லேசாக இருக்கிறது. ஆனால் நடுவில் ஒரு இடம் வரும். அங்கே காருக்கு எடையே இருக்காது. ஒரு விரலால் இந்தப் பக்கமும் தள்ளலாம், அந்தப் பக்கமும் தள்ளலாம். அந்த இடத்தைத் தாண்டிவிட்டால் கார் சங்கிலியை மறந்து தானாகச் சாயத் தொடங்கும். அப்போது அதைப் பிடித்துவைக்க ஒரு கயிறு உண்டு. கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, ஒதுங்கி நின்று, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். இறக்கும்போது அதே கயிற்றைக் கப்பியில் கோத்து இழுக்க வேண்டும். சங்கிலி விறைக்கிற வரைக்கும் இழுத்து, விறைத்த அந்த நொடியில் நிறுத்திவிட வேண்டும். ஒரு வெட்டு இழுப்பு கூடிப்போனால் மொத்தக் காரும் சங்கிலியில் வந்து விழும். சங்கிலி மாஸ்டர் கையில், கயிறு சின்னவன் கையில். வேறு யாரையும் அவர் கயிற்றுப் பக்கம் விட்டதே கிடையாது.

இன்னொரு விதியும் இருந்தது. கார் சாய்ந்து நிற்கிறவரை, செயின் பிளாக்கின் கைச்சங்கிலியைச் சுருட்டிச் சுவரில் ஒரு கொக்கியில் மாட்டிவைப்பார்கள். கிட்டே வேலை செய்கிற ஒவ்வொருவரும் தன் உடைமை ஒன்றை அந்தக் கொக்கியில் தொங்கவிட வேண்டும். மாஸ்டர் கைக்கடிகாரம், சின்னவன் பெயின்ட் தெறித்த சிவப்புத் தொப்பி, அக்கா அளவு நாடா. வேலை முடித்து வெளியே வந்தவர் தன்னுடையதைத் தானே எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்தவர் கை படக்கூடாது. கொக்கியில் ஒன்று தொங்குகிறதென்றால் ஒரு ஆள் காருக்குக் கிட்டே இருக்கிறான் என்று கணக்கு. கொக்கி வெறுமையாகாமல் சங்கிலியைத் தொடக்கூடாது. மாஸ்டர் வேலை பழகிய இடத்தில், அவர் டீ குடிக்கப் போயிருக்கிறார் என்று நினைத்து யாரோ காரை இறக்கிவிட்டார்கள். அவர் போகவில்லை. அடி குதிகாலோடு போயிற்று.

நர்சம்மாவின் கார் நல்லபடியாகத்தான் சாய்ந்தது. சாய்ந்து உட்கார்ந்ததும் பக்கவாட்டுத் தகரத்தின் ஓட்டையிலிருந்து சலசலவென்று எதுவோ கொட்டியது. எலி சேர்த்துவைத்த கோதுமை. முட்டு வைக்கக் குனிந்திருந்த சின்னவனின் தலையில் பாதி, சட்டைக்குள் பாதி.

"அட்சதை போட்டுட்டாங்க மாப்ள. பொண்ணு எங்க?" என்றார் மாஸ்டர்.

"எலி வீட்டுச் சம்பந்தம் மாமா. பொண்ணு வளைக்குள்ள இருக்கு."

அன்றைக்கு அவ்வளவு சிரித்தார்கள். கண்பட்டதுபோல ஆயிற்று பிறகு.

ஒட்டு வேலை முக்கால்வாசி முடிந்திருந்தபோது பெயின்ட் கடைக்காரர் டப்பாக்களை இறக்க வந்தார். நல்ல மனுஷர்தான், நாக்கு மட்டும் கொஞ்சம் நீளம். "என்ன மாஸ்டர், மச்சினன் பஸ் கட்டுற கம்பெனிக்குப் போறானாமே. வெளியூராம். நமக்கெல்லாம் சொல்லிக்க மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மாஸ்டர் கையிலிருந்த கிரைண்டரை அணைத்தார். அது சுற்றி ஓயும்வரை காத்திருந்தார்.

"நெசமா?"

சின்னவன் முக்காலியிலிருந்து எழுந்தான். "சொல்லணும்னுதான் இருந்தேன் மாமா."

"பெயின்ட் கடையில சொல்லியிருக்க."

"அங்க சொல்லல. அவரா எங்கயோ..."

மாஸ்டர் மனைவியின் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

அக்கா மெஷினில் ஓடிக்கொண்டிருந்த விளிம்பையே பார்த்தாள். தெரியும். தம்பி அவளிடம் சொல்லிவிட்டான். நீயே உன் மாமாகிட்ட சொல்லு, நான் சொன்னா நல்லாயிருக்காது என்று அவள்தான் ஒதுங்கிக்கொண்டாள். அவனும் காலையில் சொல்கிறேன், சாயங்காலம் சொல்கிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்தான். அவள் பதில் சொல்லாததே பதிலாகிவிட்டது.

"சரிதான்" என்றார் மாஸ்டர். "எல்லாருக்கும் தெரியுது. நான்தான் இந்த வீட்டுல வெளியாள்."

"அப்படியில்ல மாமா. அங்க பெரிய வண்டிங்க. பெயின்ட் அடிக்கத் தனி அறையே இருக்காம். எனக்கு அதையெல்லாம் கத்துக்க..."

"எனக்கு எதுக்கு வெளக்கம்? கூலிக்கு வந்தவன் எப்ப வேணா போகலாம். கேட்டுட்டா போவான்?"

அக்காவின் கால் மெஷினில் நின்றுவிட்டது. அந்த வார்த்தை பட்டறையில் இதற்குமுன் கேட்காத வார்த்தை. சொன்னவருக்கே அது அந்நியமாக இருந்திருக்க வேண்டும். கிரைண்டரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சின்னவனின் பூட்டில்லாத வாய் அன்றைக்குப் பூட்டிக்கொண்டது. கையைத் துடைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான். வெயிலில் இறங்கும்போது தலையைத் தடவிப்பார்த்தான். திரும்பி வரவில்லை.

தொப்பி கொக்கியிலேயே இருந்தது.

கண்ணாடிக் கடை மாடியில் கூட்டாளி ஒருவனின் அறையில் அவன் தங்கியிருப்பதாக மறுநாள் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்கால பஸ்சுக்குக் கிளம்புகிறான் என்பதும் தெரிந்தது. மாஸ்டர் யாரிடமும் விசாரிக்கவில்லை. ஆனால் அக்கா வாசலில் நின்று பக்கத்துக் கடைக்காரியிடம் அதைச் சொன்னபோது, உள்ளே சுத்தியல் சத்தம் நின்றிருந்தது.

ஒட்டு வேலையை மாஸ்டர் தனியாகவே முடித்தார். தைத்த துணியில் முடிச்சு தெரியாததுபோல, எங்கே ஒட்டு என்று தடவிப் பார்த்தாலும் தெரியாது. இனிக் கறுப்புப் பூச்சு அடித்து, காயவைத்து, இறக்க வேண்டியதுதான். பூச்சு டப்பா திறக்காமல் கிடந்தது. நர்சம்மா வந்து எட்டிப்பார்த்தார்.

"என்ன மாஸ்டர், இன்னும் எந்திரிக்கலியா இது?"

"இல்லம்மா."

"எங்கிட்ட வர்ற பிள்ளத்தாச்சிங்களயும் இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்கன்னுதான் சொல்வேன். ஆனா அவங்க பத்து மாசத்துல எந்திரிச்சிடுவாங்க."

மாஸ்டர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "ஆள் ஒண்ணு கொறையுதும்மா. வந்தப்புறம்தான்" என்றார். நர்சம்மா கொக்கியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மேற்கொண்டு கேட்காமல் போய்விட்டார். பிள்ளைப்பேறு பார்த்த கண்; எதைக் கேட்கலாம் எதைக் கேட்கக்கூடாது என்று அதற்குத் தெரியும்.

அன்று சாப்பாட்டுக்கு மாஸ்டர் வீட்டுக்குள் போன நேரம், அக்கா கொக்கியின் முன்னால் போய் நின்றாள். தொப்பியின் உள்விளிம்பு வியர்வையில் கறுத்திருந்தது. இதைக் கழற்றித் துவைத்து, கொண்டுபோய் அவன் கையில் கொடுத்துவிட்டால் இந்த இழுபறி முடிந்துபோகும். கயிற்றுக்கு எதிர்ப்பட்டறையில் ஒரு ஆளைக் கூப்பிட்டால் வருவான். கார் இறங்கும். எல்லாரும் அவரவர் பாட்டைப் பார்க்கலாம். அவள் கையை நீட்டினாள்.

"அதுல கை வெக்காத."

மாஸ்டர் பின்கதவில் நின்றிருந்தார். அதட்டலாகச் சொல்லவில்லை. தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுகிற குரல்.

"ஆளே இல்லாத எடத்துல விதி என்னங்க விதி? அவன்தான் போயிட்டானே."

"தொப்பி தொங்குதுல்ல?"

"தொங்குது."

"அப்ப அவன் உள்ளதான் இருக்கான்."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். அக்கா நீட்டிய கையை மடித்துக்கொண்டாள். பிடிவாதம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். பிடிவாதம் இல்லை. போகாதே என்று சொல்ல அந்த மனுஷனுக்கு வாய் வரவில்லை. கொக்கி அவருக்குப் பதிலாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ஷட்டர் இறக்குமுன் மாஸ்டர் வழக்கம்போலக் குனிந்து காரின் பக்கம் பார்த்து, "உள்ள யாராவது?" என்று குரல் கொடுத்தார். எப்போதும் கொடுக்கிற குரல்தான். "நான் இல்ல, எலிதான் இருக்கு" என்று சின்னவன் வெளியிலிருந்து கத்துவான். இன்றைக்கு அவர் கேட்டுவிட்டு, ஷட்டரில் கை வைத்தபடியே நின்றார். பதில் வராது என்று தெரிந்தும் பதிலுக்கு விடவேண்டிய நேரத்தை விட்டார். பிறகு இறக்கினார்.

சனிக்கிழமை காலையில் அக்கா கண்ணாடிக் கடை மாடிக்குப் போனாள். சின்னவன் சட்டைகளை மடித்துப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தான். மடிக்கத் தெரியாமல் மடித்திருந்தான். அவள் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மறுபடி மடிக்கத் தொடங்கினாள்.

"வேணாங்க்கா. அங்க போயி கசங்கத்தான் போவுது."

"கசங்கறதுக்கும் ஒரு ஒழுங்கு இருக்கு. பேசாம இரு."

அவள் அடுத்த சட்டையை எடுத்து உதறினாள்.

"வண்டி எறங்கிடுச்சா?" என்று கேட்டான்.

"இல்ல."

"ஏன்? ஒட்டு முடியலியா?"

"அதெல்லாம் முடிஞ்சுது."

"அப்புறம் என்ன? எதிர்ப்பட்டறை ஆளக் கயித்துக்குக் கூப்பிட வேண்டியதுதான?" குரலில் ஒரு வீம்பு இருந்தது. "கூலிக்கு ஆளா இல்ல?"

"உன் தொப்பி தொங்குது."

"எடுத்துப் போட வேண்டியதுதான?"

"எடுக்கப் போனேன். உங்க மாமா விடல." அவள் ஒரு சட்டையின் காலரை நீவிவிட்டாள். "நீ உள்ளதான் இருக்கியாம். உள்ள ஆள் இருக்கும்போது எப்படி எறக்குறதுங்கறாரு."

சின்னவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கீழே யாரோ கண்ணாடி அறுக்கிற கிறீச்சென்ற சத்தம் கேட்டது. அவன் தோள் ஆடியது. அவள் அதைப் பார்க்காததுபோல மடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குச் சொல்ல மொகம் வரலக்கா" என்றான், ஜன்னலைப் பார்த்தே. "ஒவ்வொரு நாளும் சொல்லப் போவேன். அவரு தோளத் தேச்சுக்கிட்டு நிப்பாரு. சொல்லாம வந்துடுவேன். நான் போயிட்டா கயிறு யாரு பிடிப்பா?"

"அத அவருகிட்ட கேளு. எங்கிட்ட கேட்டா?"

அவள் பையை மூடிவிட்டு எழுந்தாள். வா என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டு வந்தால் அது அவள் வரவழைத்த வரவாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் பட்டறைக்குத் திரும்பி, மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தபோதே அவன் வந்துவிட்டான். வாசலில் செருப்பைத் தேய்த்தான். மாஸ்டர் தலையைத் தூக்கவில்லை. சின்னவன் காரைச் சுற்றிவந்தான். ஒட்டுகளைத் தடவிப்பார்த்தான். கூட்டின் கால்களுக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"என்ன மாமா, முட்டு ரெண்டு கூடுதலா இருக்கு?"

"நீ ஒருத்தன் கொறைஞ்சா ரெண்டு முட்டு தேவைப்படுது மாப்ள."

சின்னவன் சிரித்துவிட்டான். சிரிப்பு பாதியில் உடைந்து வேறு எதுவோ ஆகப்பார்த்தது; மூக்கை உறிஞ்சிச் சமாளித்தான்.

மாஸ்டர் தரையைப் பார்த்துப் பேசினார். "எல்லாத்துக்கும் முட்டு வெக்கத் தெரியுது. அன்னிக்கு வாய்க்கு வெக்க மறந்துட்டேன். அந்த வார்த்தைய மனசுல வெச்சுக்காத."

"நானும் முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்தான். அப்பவும் கத்தியிருப்பேன். ஆனா உன்ன வீட்டு ஆளா வெச்சுக் கத்தியிருப்பேன்."

அதற்குமேல் அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. சின்னவன் பூச்சு டப்பாவைத் திறந்தான். அன்று மாலைவரை அந்த அடிவயிற்றை ஒரு பிரஷ் மயிர்கூட ஒட்டாமல் கறுப்பாக்கினான். அக்கா மெஷினுக்குமேல் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். போவானா மாட்டானா என்று அவள் கேட்கவில்லை. அவன் ஒவ்வொரு மூலையிலும் அடிக்கிற விதத்திலேயே தெரிந்தது, போகத்தான் போகிறான். இருக்கப்போகிறவன் அப்படி அடிக்கமாட்டான். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எங்காவது விடுவான்.

ஞாயிற்றுக்கிழமை நண்பகலுக்குள் பூச்சு காய்ந்துவிட்டது. மாஸ்டர் கடிகாரத்தை எடுத்துக் கட்டினார். அக்கா நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். சின்னவன் தொப்பியை எடுத்து, தட்டி, தலையில் வைத்தான். யாரும் யாரையும் பார்க்கவில்லை. மாஸ்டர் முட்டுகளை எடுத்துவிட்டுக் கைச்சங்கிலியைப் பிரித்துப் பிடித்தார். சின்னவன் கயிற்றைக் கப்பியில் கோத்துக் கம்பத்தில் சுற்றினான். சுற்றிவிட்டு முனையை அக்காவிடம் நீட்டினான்.

"இந்தா."

"எனக்கா? போடா. எனக்கு என்ன தெரியும்?"

மாஸ்டர் சங்கிலியைப் பிடித்தபடி நின்றார். அவர் வேண்டாமென்பார் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள்.

"நான் பக்கத்துலயே நிக்கிறேன்" என்றான் சின்னவன். "கை வெக்க மாட்டேன். அடுத்த வண்டிக்கு நீதான பிடிக்கணும்? எதிர்ப்பட்டறை ஆளா பிடிப்பான்?"

"மாப்ள சொல்றது சரி" என்றார் மாஸ்டர் மெதுவாக. "பிடி."

அவள் பிடித்தாள். இழுத்தாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. மலையை இழுக்கிற மாதிரி இருந்தது. பிறகு கயிற்றுக்குள் ஒரு அசைவு வந்தது. கார் நிமிர்ந்தது. நிமிர நிமிரப் பாரம் குறைந்துகொண்டே வந்து, சட்டென்று கையில் ஒன்றுமே இல்லாமல் போனது. கயிறு வெறும் நூலாயிற்று.

"இதான்க்கா அந்த எடம். இழுக்கவும் கூடாது, விடவும் கூடாது. கேளு."

எதைக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் கேட்டாள். விரல் நுனியால் கேட்டாள். அந்தப் பக்கம் சங்கிலி மெல்லச் சிணுங்கியது, ஒரு வளையம் இன்னொரு வளையத்தில் போய் உட்கார்ந்தது. நூல் அறுவதற்கு முந்தின நொடியில் மெஷினில் கால் தானாக நிற்குமே, அப்படி அவள் கை நின்றது.

"புடிச்சிட்டேன்" என்றார் மாஸ்டர் அந்தப் பக்கத்திலிருந்து. பாரம் இப்போது அவரிடம் போயிருந்தது. சங்கிலி கடகடவென்று ஓட, கார் வணக்கம் சொல்வதுபோலக் குனிந்து குனிந்து இறங்கியது. வலப்பக்கத்துச் சக்கரங்கள் தரையைத் தொட்டபோது ஒரு சத்தமும் வரவில்லை.

அக்கா திரும்பிப் பார்த்தாள். சின்னவன் கயிற்றைத் தொட்டுவிடக்கூடாதென்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றிருந்தான். விரல்கள் வெளுத்துப்போகிற அளவுக்குக் கோத்திருந்தான்.

மூன்று பேரும் காரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இனி ஒன்றுமில்லை. கூட்டைக் கழற்றிச் சக்கரத்தை மாட்ட வேண்டியதுதான். சின்னவன் ஸ்பானரை எடுத்தான்.

"பஸ்சு எத்தன மணிக்கு மாப்ள?" என்றார் மாஸ்டர்.

"சாயங்காலம்தான் மாமா. இருக்கு நேரம்."

மாஸ்டர் தோளைத் தேய்த்தார். காரைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், உத்தரத்தையும் பார்த்தார். "கூட்ட இப்பவே கழட்டாத. இன்னொரு தடவ ஏத்தி எறக்கிப் பாத்துடலாம். உங்கக்காவுக்கு இன்னும் கை பழகணும்."

சின்னவன் அக்காவைப் பார்த்தான். அவளுக்குக் கை பழகிவிட்டது. அந்தக் கனமற்ற இடம் விரல் நுனியிலேயே இன்னும் இருந்தது, இனி மறக்காது.

"ஆமாடா" என்றாள். "எனக்கு இன்னும் சரியா வரல."

அவன் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கம்பத்தில் கயிற்றைச் சுற்றப் போனான்.